கோமதி டீச்சர் வீடு காடான கதை

“சார், கொஞ்சம் வர்றீங்களா? ஒருத்தர் எங்க ஹாலுக்குள்ள கோடு போடணும்னு நிக்கிறார்.”

எதிர்வீட்டு கோமதி டீச்சர் போனில் இப்படிச் சொன்னபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கோடா? ஹாலிலா? டீச்சர் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லித் தருபவர். ஜியோமெட்ரி சம்பந்தமாக ஏதாவது இருக்குமோ என்று யோசித்தபடியே வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன்.

ஜியோமெட்ரி இல்லை. சுண்ணாம்பு.

இது நடந்து சில வாரங்கள் ஆகின்றன. “விஷயம் முடியற வரைக்கும் எழுதாதீங்க சார்” என்று டீச்சர் கேட்டுக்கொண்டதால் உங்களிடம் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தேன். என்னைப் போன்ற ஆளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் முடிவு தெரிந்துவிட்டது. இனிமேல் தடையில்லை.

முடிச்சூரில் எங்கள் தெரு முனையிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் தண்டவாளம் மாதிரி வந்துகொண்டிருந்தன. சாலையோரமாக ஒழுங்காக வந்தவை, காலனி சங்கச் செயலாளர் பத்மநாபன் சார் வீட்டு முன்னால் வந்ததும் சட்டென்று வளைந்தன. தெருவைக் குறுக்கே கடந்து, டீச்சர் வாசல் கோலத்தின் மேல் ஏறி, கேட்டைத் தாண்டி, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் புகுந்து, ஹால் படியில் முட்டி நின்றன. படியருகே கையில் சுண்ணாம்பு வாளியுடன் ஓர் ஆள்.

“அக்கா, ஹால்ல தூள் போட்டா டைல்ஸ் பாழாப்பூடும். அத்த வுட்டுர்லாம். பின்கதவ மட்டும் தொறந்து வுட்டீங்கன்னா, அங்கேர்ந்து கோட்ட இஸ்துகினு பூடுவேன்.”

இவ்வளவு நாகரிகமான மனிதரை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

“எதுக்குங்க இந்தக் கோடு?” என்றேன்.

“மழத்தண்ணி கால்வா சார். இப்டிக்கா வருது.”

“வீட்டுக்குள்ளேயா?”

“வூடு கீதுன்னு எனக்கும் தெர்து சார். இன்னா பண்றது? சூப்ரைசர் சார் வெச்சிகினு கீறாரே டேப்லெட்டு, அதுல நேராப் போவச் சொல்து.”

சூப்பர்வைசர் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார்.

அடடா... என்ன அழகு! எங்கள் காலனியே அதில் இருந்தது. என் வீடு, மொட்டைமாடிக் கொடியில் காயும் என் லுங்கி உட்பட. பத்மநாபன் சார் வீடு. முனையில் மாவரைக்கும் கடை. எல்லாம் முப்பரிமாணத்தில். விரலால் சுற்றினால் வீடுகளும் கூடவே சுற்றின.

டீச்சர் வீடு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மரங்கள். சாதாரண மரங்கள் இல்லை. வண்டலூர் ஜூவிலிருந்து ஒரு புலி தப்பித்து வந்தால் ஆனந்தமாகக் குடியேறலாம், அப்படியொரு அடர்ந்த காடு.

“பாத்தீங்களா சார்? இங்க வீடே கிடையாது. காலி இடம், பசுமைப் பகுதி” என்றார் சூப்பர்வைசர். இல்லாத வீட்டின் போர்ட்டிகோவில் உட்கார்ந்து, இல்லாத வீட்டின் காபியைக் குடித்துக்கொண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். ‘டிஜிட்டல் ட்வின்’ என்று ஒன்று வந்திருக்கிறது. அதாவது, ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர் இரட்டைப் பிள்ளை. ட்ரோனைப் பறக்கவிட்டுப் படமெடுத்து, தெரு, வீடு, மரம், கம்பம், கால்வாய் அத்தனையையும் அச்சு அசலாகத் திரையில் உருவாக்கிவிடுவார்கள். பாலம் கட்ட வேண்டுமா? முதலில் திரையில் கட்டிப் பார்க்கலாம். தப்பானால் ஒரு பட்டனில் அழிக்கலாம். நிஜத்தில் கட்டிவிட்டு முழிக்க வேண்டாம்.

யோசனை நல்ல யோசனைதான். நான் ஒன்றும் விஞ்ஞானத்துக்கு விரோதி இல்லை.

கோடையில் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் இதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். ஒரு பட்டனைத் தட்டியதும் எங்கள் தெருவில் பேய்மழை. தண்ணீர் ஏறியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். 2015 வெள்ளத்தில் படகில் ஏறிப் போன ஜனம் அல்லவா? இன்னொரு பட்டன். புதிய வடிகால் முளைத்தது. தண்ணீர் சமர்த்தாக அதில் இறங்கி அடையாற்றைப் பார்த்துப் போனது. மண்டபமே கை தட்டியது. முன்வரிசை அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வடிகால்!

அந்த வடிகால் எந்த வழியாகப் போகிறது என்று நாங்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சரி, வீடு எப்படிக் காடானது? மாடியில்தான் விடை இருந்தது.

டீச்சர் ஒரு காலத்தில் வீட்டைச் சுற்றித் தரையில்தான் செடி வைத்திருந்தார். அந்தப் பெருவெள்ளம் சாக்கடையோடு கலந்து வந்து, மண்ணில் எதுவும் முளைக்காமல் செய்துவிட்டுப் போனது. அத்தனை செடியும் அழுகிப்போன மறுமாதம் தோட்டத்தை மாடிக்குக் கொண்டுபோனார். பீர்க்கு, புடலை, கோவை எல்லாம் பந்தலில். மேலே வெயிலுக்குப் பச்சை நிழல்வலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, புடவையை மாற்றுவதற்கு முன்னால் மாடிக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காபி போடுவார். மேலிருந்து பார்த்தால் சுவர் தெரியாது, தளம் தெரியாது. பச்சை, பச்சை, பச்சை. கம்ப்யூட்டர் பார்த்தது. ‘மரம்’ என்று எழுதிக்கொண்டது.

நல்ல மாடித் தோட்டத்துக்கு என்று, இந்தக் கால்வாயைப் போடும் அதே அலுவலகம் டீச்சருக்கு முன்பொரு முறை கேடயம் கொடுத்திருக்கிறது. கேடயம் கொடுக்கும்போது அங்கே வீடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். டீச்சரின் கணவர் சேகர் நடந்ததைச் சொன்னார். மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். எல்லோரும் கொதித்து எழுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

பத்மநாபன் சார் தொண்டையைக் கனைத்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிரச்சினைக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று நம்புகிறவர்.

“சேகர், நாம உணர்ச்சிவசப்படக் கூடாது. இப்ப ஆட்சேபணை எழுதிக் குடுத்தா ஃபைல் திரும்ப முதல்லேர்ந்து போகும். இந்த மழைக்கும் கால்வாய் வராது. தெருவுல இத்தனை குடும்பம் இருக்கு. கொஞ்சம்... அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியுமா பாருங்களேன்.”

“எதை சார் அட்ஜஸ்ட் பண்ண?” என்றார் சேகர். “வீட்டையா?”

“அப்படிச் சொல்லலை. ஹாலை மட்டும் கொஞ்சம்...”

ஒரு கண்டனக் குரலாவது எழும் என்று பார்த்தேன். ஒருவர் மோட்டுவளையைப் பார்த்தார். இன்னொருவருக்குப் போன் வந்தது. அது அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை. தலைக்குமேல் தண்ணீர் போன அனுபவம் மனிதர்களை ஒற்றுமையாக்கும் என்பார்கள். எங்கள் தெருவில் அது ஒவ்வொருவரையும் அவரவர் மாடிக்கு ஏற்றிவிட்டிருந்தது.

கோமதி டீச்சர் எழுந்தார். “நாளைக்கு லீவு போடறேன். ஆபீஸுக்குப் போகலாம். யார் வர்றீங்க?”

நான் கை தூக்கினேன். ‘சங்கத்தின் சார்பில்’ வருவதாக பத்மநாபன் சாரும் சொன்னார். இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டுமே!

தாம்பரம் பக்கத்தில் அந்த அலுவலகம். பெயர் வேண்டாம். உள்ளே கன்ட்ரோல் ரூம். ஏ.சி. குளிரில் பல் தந்தியடித்தது. சுவர் முழுக்கத் திரை. அதற்கு முன்னால் ஸ்ருதி என்ற இளம் இன்ஜினியர், இந்த ட்வினைச் செய்து கொடுத்த கம்பெனியைச் சேர்ந்தவர். பக்கத்தில் அலுவலகத்தின் உதவிப் பொறியாளர்.

ஸ்ருதி மிகவும் மரியாதையான பெண். கதவு எண்ணைக் கேட்டார், தட்டினார், திரையில் காடு வந்தது.

“அங்க வீடு இல்லையே மேடம்.”

“நான் அந்த வீட்லேர்ந்துதான்மா வர்றேன். அங்கதான் குளிச்சேன், சாப்பிட்டேன், பூட்டிட்டு வந்தேன்.”

சேகர் பத்திரம், பட்டா, மின்சார அட்டை என்று பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். உதவிப் பொறியாளர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“இதெல்லாம் கரெக்டா இருக்கு சார். ஆனா இது பேப்பர். ட்வின்ல இல்லையே!”

“அப்ப ட்வின்ல சேத்துருங்க” என்றேன் நான்.

“கையால சேக்கக் கூடாது சார். டேட்டா கெட்டுடும். இன்னிக்கு உங்களுக்கு ஒரு வீடு சேத்தா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து வீடு சேக்கச் சொல்வாங்க.”

நியாயம்தானே? ஊரில் இருக்கும் வீட்டையெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஊர் மாதிரியே ஆகிவிடாதா?

டீச்சர் திரைக்கு அருகே போனார். “இது என்னம்மா, மரத்துக்கு நடுவுல கருப்பா?”

ஸ்ருதி பெரிதாக்கினார். “வாட்டர் டேங்க் மேடம்.”

“காட்டுக்கு எதுக்கு வாட்டர் டேங்க்?”

ஸ்ருதி உதவிப் பொறியாளரைப் பார்த்தார். உதவிப் பொறியாளர் டேங்கைப் பார்த்தார். டீச்சர் விடவில்லை.

“இன்னொண்ணு கேக்கறேன். கோடு தெரு ஓரமா ஒழுங்கா வருதே, இந்த இடத்துல மட்டும் ஏன் வளையுது?”

“அங்க ஒரு பெர்மனன்ட் ஸ்ட்ரக்சர் இருக்கு மேடம். அதை இடிக்காம இருக்கறதுக்காக சிஸ்டம் காலி இடமா பாத்துத் திருப்பியிருக்கு.”

ஸ்ருதி தட்ட, அந்த ‘ஸ்ட்ரக்சர்’ நெருங்கி வந்தது. நீல நிறத் தகரக் கூரை, அதன் கீழே ஒரு வெள்ளைக் கார், கார் ஏறுவதற்கு சிமென்ட் சரிவு. எங்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த கார். பத்மநாபன் சார் சாலை இடத்தில் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்ட ஷெட்.

பட்டா நிலத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீடு காடு. சாலையை மறித்துப் போட்ட தகர ஷெட் நிரந்தரக் கட்டடம். கம்ப்யூட்டர் நம் ஊரை எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டுவிட்டது!

நான் பத்மநாபன் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏ.சி. என்ன கம்பெனி என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கடைசியில் உதவிப் பொறியாளரே ஒரு வழி சொன்னார். அடுத்த வாரம் ட்ரோன் மறுபடி பறக்கிறது. அதற்குள் மாடியில் இருக்கும் பச்சையெல்லாம் எடுத்துவிட்டால் தளம் தெரியும். தளம் தெரிந்தால் கட்டடம். கட்டடம் என்றால் கால்வாய் வராது.

“செடியெல்லாம் காய்ச்சுக்கிட்டிருக்கு சார்” என்றார் டீச்சர்.

“அப்புறம் திரும்ப வெச்சுக்கலாம் மேடம்.”

“திரும்ப வெச்சா திரும்பக் காடாயிடுமே?”

அவர் அடுத்த ஃபைலைத் திறந்தார்.

அந்த சனிக்கிழமை சேகர் லீவு போட்டார். நானும் உதவிக்குப் போனேன். வலையைக் கழற்றி மடித்தோம். கம்பிப் பந்தலைப் பிரித்தோம். முற்றாத பீர்க்கங்காய்களும் பிஞ்சுப் புடலைகளும் ஒரு தார்ப்பாய் முழுக்கக் குவிந்தன. டீச்சர் மட்டும் ஒவ்வொரு கொடியையும் அடியில் அறுக்காமல், கம்பியிலிருந்து சுருள் சுருளாக விடுவித்துக் கொண்டிருந்தார், மறுபடி கட்டப் போவது போல. சேகர் மெதுவாகக் கத்திரிக்கோலை நீட்டினார். வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு வெட்டினார்.

சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டுக்கும் பீர்க்கங்காய் போனது. பத்மநாபன் சார் வீட்டுக்கும். எங்கள் வீட்டில் துவையல் அரைத்தார்கள்.

ட்ரோன் வந்தது. தும்பி மாதிரி தெருவைச் சுற்றியது. மொட்டையாகக் கிடந்த மாடியில் டீச்சரும் சேகரும் அண்ணாந்து நின்றார்கள். “கை காட்டலாமா?” என்றார் சேகர். “வேண்டாம், செடின்னு நெனச்சுடப் போகுது” என்றார் டீச்சர். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

சில நாளில் அலுவலகத்திலிருந்து போன். டீச்சர் வீடு பிறந்துவிட்டது! திரையில் சுவரும் தளமும் டேங்குமாக நிற்கிறதாம். வடிகால் இனி நேராகச் சாலையோரமாகவே போகுமாம். கூட்டிக் கழித்துப் பார்த்ததில், ஒரு தகர ஷெட்டை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம் என்று சிஸ்டம் முடிவு பண்ணிவிட்டதாம்.

அன்று மாலையே பத்மநாபன் சார் என் வீட்டுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“என்ன சார் அநியாயம் இது! ஒரு மிஷின் மேலேர்ந்து பாத்துட்டுச் சொன்னா அதை அப்படியே செய்யறதா? மனுஷன் நேர்ல வந்து பாக்க வேணாமா? அது வெறும் டெம்பரரி ஷீட்டு சார். பெர்மனன்ட்டுன்னு போட்டு இடிக்கச் சொல்றான்.”

“சார், தெருவுல இத்தனை குடும்பம் இருக்கு” என்றேன்.

அவர் நேராக எதிர்வீட்டுக்குப் போனார். டீச்சரிடம் அவர் கேட்டதை என் காதால் கேட்டேன், சத்தியம். “அந்தப் பச்சை வலை இன்னும் இருக்கா டீச்சர்? ஒரு மாசத்துக்குக் குடுத்தீங்கன்னா ஷெட்டு மேல போட்டுப் பாப்பேன்.”

டீச்சர் கொடுக்கவில்லை. ஷெட் போயிற்று. கார் இப்போது வெயிலில் நிற்கிறது.

இந்த வாரம் வேலை ஆரம்பமானது. ஜேசிபி வந்து சாலையோரத்தைத் தோண்டியது. தோண்டிய முதல் நாளே தரைக்கடியில் போன கேபிளைத் துண்டித்தது. அந்தக் கேபிளில்தான் எங்கள் தெருக் கம்பத்துக் கேமராக்களின் உயிர் இருந்திருக்கிறது. கன்ட்ரோல் ரூம் திரையில் எங்கள் பகுதி மொத்தமும் இருட்டு.

கேபிள் எங்கே போகிறது என்று ட்வினில் இருந்திருக்க வேண்டுமே என்கிறீர்களா? இருந்ததாம். எதிர்ப் பக்கத்தில்.

டீச்சர் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். போன் அடித்தது. ஸ்ருதி.

“மேடம், ஸாரி, டிஸ்டர்ப் பண்றேன். உங்க தெரு எங்களுக்கு ஸ்கிரீன்ல தெரியலை. வேலை எதுவரைக்கும் வந்திருக்குன்னு கொஞ்சம் மாடியில ஏறிப் பாத்துச் சொல்றீங்களா?”

டீச்சர் ஏறினார். பார்த்தார். மாவரைக்கும் கடை வரை தோண்டியிருக்கிறார்கள், பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைக்கவில்லை, ஒரு ஸ்கூட்டர்காரர் விழப் பார்த்தார் என்று வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “ஏம்மா, பக்கத்துலதானே இருக்கீங்க? ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டுப் போயிடலாமே!” என்றார்.

அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“வரலாம் மேடம்... அங்க வர்றதுக்கு வழி எப்படி?”